பதினோராம் பக்கத்து அடிக்குறிப்பு

ஜனவரி 2, செவ்வாய்

காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த கிளை நூலகர் ஜைத்தூன் பீவி, ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு அழைப்பு மணியை அழுத்தினார். அவர் எதைக் கேட்டாலும் சம்மதித்துவிடலாம் என்று கதவைத் திறக்கும்போதே தோன்றிவிட்டது.

இந்த மாதம் 25ஆம் தேதி வாக்காளர் தினம். அன்று கல்லாம்பாறை சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூலாக வெளியிடப் போகிறார்களாம். நான்தான் எழுத வேண்டுமாம்.

"நீங்க எழுதினா ஒரு எண்ணுகூடத் தப்பாது மேடம்."

உண்மை. மறுக்கவில்லை.

என் பெயர் 'செசிலியா அருளானந்தம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை' என்று முழுமையாக வர வேண்டும் என்றேன். அச்சுப்படியை இரண்டு முறை என்னிடம் காட்ட வேண்டும் என்றேன். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து கிடைத்தது என்பதற்கு அடிக்குறிப்பு இருக்கும், இடமில்லை என்று அதில் கை வைக்கக் கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படியிறங்கும்போதுதான், விழாவில் பேசப் போவது கொம்பையா என்றார்.

எந்தக் கொம்பையா என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை.

"மைக்செட் கொம்பையா மேடம். அஞ்சேகால் கொம்பையா. ஒரு ஓட்டோட மதிப்பைப் பத்தி அவரைவிட யாரு பேச முடியும்?"

1977 தேர்தலில் என் கணவர், வழக்கறிஞர் அருளானந்தம், சுயேச்சையாகக் குடைச் சின்னத்தில் நின்று ஒரே ஓட்டில் தோற்றார். அன்று அவருக்காகச் சாவடி சாவடியாகச் சைக்கிளில் சென்று முகவர்களுக்குச் சோறு கொடுத்தவர் கொம்பையா. கடைசிச் சாவடியில் தானும் உட்கார்ந்து அயிலை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, தன் ஓட்டைப் போட ஐந்தே காலுக்கு வந்தார். ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர்.

நாற்பத்தாறு ஆண்டுகளாக அவர் என் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நான் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். கான்வென்டில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் நேரந்தவறாமை.

ஜனவரி 4, வியாழன்

1952 முடிந்தது. அந்த முதல் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி. சின்னத்தைப் பெட்டியில் ஒட்டியிருப்பார்கள். எங்கள் தொகுதியில் ஒரு பெட்டியைத் திறந்தபோது, ஓட்டுகளுக்கு நடுவே, மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று அந்தோணியாருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்ததாம். அந்த வேட்பாளர் வென்றார். மகளுக்கு அமைந்ததா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

என் மாமியாருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டில்லை. பட்டியல் எடுக்க வந்தவர்களிடம் "இன்னாரோட பொண்டாட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்படிச் சொன்ன பெண்களையெல்லாம் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1957இல் பெயரைச் சொன்னார். அதைக் கேட்டு மாமனாரே நிமிர்ந்து பார்த்தார் என்று என் கணவர் சொல்வார்.

ஜனவரி 6, சனி

நெல்லிக்காய் ஊறுகாய் போட்டேன். 1957 முடிந்தது.

ஜனவரி 8, திங்கள்

ஏழு முறை நின்று ஏழு முறையும் தோற்ற பெரியநாயகத்துக்கு முக்கால் பக்கம் கொடுத்துவிட்டேன். 1962இல் அவருடைய வீட்டில் பதினொரு ஓட்டு. அவர் சாவடியில் அவருக்கு விழுந்தது மூன்று. குடும்பத்தையே வரிசையாக நிற்க வைத்து, விளக்கை ஏற்றி, ஒவ்வொருவரையும் சத்தியம் செய்யச் சொன்னார். பதினொரு பேரும் செய்தார்கள். அந்த எட்டு பேர் யார் என்று அவர் பேரன் என்னிடமே கேட்கிறான்.

வீட்டு வேலைக்கு வரும் எலிசபெத், நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள்.

ஜனவரி 10, புதன்

1977.

என் கணவரின் கோப்பை எடுத்தேன். துண்டறிக்கைகள், சாவடிவாரியான எண்ணிக்கை, நடுவில் எப்படியோ வந்து சேர்ந்த சலவைத் துணிப் பட்டியல்கள். பட்டியல்களின் அடியில் எல்லாம் என் சுருக்கொப்பம். அது அவருடைய விளையாட்டு. கடைக்கு எழுதிய சீட்டானாலும் சரி, தன் தங்கைக்கு எழுதிய கடிதமானாலும் சரி, என்னிடம் நீட்டி, "செசி, ஒரு இனிஷியல் போடு. அப்பதான் செல்லும்" என்பார். என் எழுத்தின் மீது அவருக்கு அவ்வளவு பெருமை. மதர் பெர்னதெத்தின் கையெழுத்து வகுப்பில் மூன்று ஆண்டும் நான்தான் முதலிடம்.

முடிவைப் படியெடுத்தேன். சங்கரலிங்கம் (பூட்டு சாவி) 21,847. அருளானந்தம் (குடை) 21,846. வந்த தபால் ஓட்டுகள் 58. அவற்றில் நிராகரிக்கப்பட்டவை 3.

இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை.

ஜனவரி 11, வியாழன்

எழுத நேரமில்லை. கண்ணாடி அலமாரியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 12, வெள்ளி

ஜைத்தூன் வந்து, இதுவரை எழுதியதைக் கூடத்தில் உட்கார்ந்தே படித்தார். பெரியநாயகத்தின் குடும்பம் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், நாப்பத்தியொரு அடிக்குறிப்பு இருக்கு. இந்த மூணு தபால் ஓட்டுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையே?"

"சின்ன விஷயம்."

"அந்தோணியார் லெட்டருக்கே ஒண்ணு போட்டிருக்கீங்க."

"அது சுவாரசியமானது."

"ஒரு ஓட்டுல தோத்த தேர்தல்ல மூணு ஓட்டு செல்லாமப் போனது சுவாரசியம் இல்லையா?"

காபிக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டேன். அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. அது எனக்குத் தெரியும்.

ஜனவரி 13, சனி

மாலை கொம்பையா வந்தார். எழுபத்து மூன்று வயது. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றும் எழுதா.

"உள்ள வரலாமா டீச்சர்? கடியாரத்தப் பாத்தாச்சா?"

"பார்த்தேன்."

"எத்தன?"

"நாலு."

"நாலுக்கு வரச் சொன்னீங்க. நாலுக்கு வந்திருக்கேன். இத மொதல்ல அந்தப் பொஸ்தகத்துல எழுதுங்க."

விழாவில் பேசப் போவதை எழுதிக் கொண்டுவந்திருந்தார். திருத்தித் தர வேண்டுமாம். "ஒங்க செவப்பு மை பட்டாத்தான் எனக்கு ஒரு தெம்பு டீச்சர்." எழுதியதை நின்றுகொண்டே, ஒலிபெருக்கி இல்லாமலேயே மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"நான் ஒருத்தன் அன்னைக்கு மீன் கொழம்புல கைய வச்சதுனால, ஒரு நல்ல மனுசன் சட்டசபைக்குப் போக முடியாமப் போச்சி. அந்த ஒத்த ஓட்டு என் ஓட்டுதான் மக்கா!"

"கலெக்டர் முன்னாடி மக்கா என்று சொல்லக் கூடாது."

"போன வருசம் சொன்னேன். அவுக கையத் தட்டுனாவ."

பதினேழு எழுத்துப் பிழை. எல்லாவற்றையும் திருத்தினேன். அந்தக் கடைசி வாக்கியத்தின் அருகே பேனா சிறிது நேரம் நின்றது. அதில் பிழை எதுவும் இல்லை. சரி என்று குறியிட்டேன்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

எப்போதும் போலக் கொம்பையா வீட்டிலிருந்து முதலில் வந்துவிட்டது. அவர் மருமகள் தூக்குவாளியில் பொங்கலும், கூடவே ஒரு முழுக் கரும்பும் கொண்டுவந்தாள். என் பற்களைப் பற்றி அந்த வீட்டில் இன்னும் நல்ல அபிப்பிராயம் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நான் அவர்களுக்குக் கேக் அனுப்புவேன். அந்தக் கேக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு முந்திரி என்று எலிசபெத் ஆண்டுதோறும் கேட்பாள். அது அவள் வேலையில்லை.

இந்த முறை பொங்கலைப் பாதியில் வைத்துவிட்டேன். வெல்லம் கூடுதல்.

ஜனவரி 16, செவ்வாய்

வெல்லம் சரியாகத்தான் இருந்தது. எழுதிவிடுகிறேன்.

1977இல் நான் ஆசிரியை. தேர்தல் பணி வந்தது. வேட்பாளரின் மனைவி என்பதால் அடுத்த தொகுதியில் போட்டார்கள். ஆகவே எனக்குத் தபால் ஓட்டு. சீட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் வைத்து, குடைக்கு நேரே பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். அதன் ஒரு கால் கட்டத்தின் கோட்டைத் தொட்டுவிட்டது. அதனால் ஓட்டுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் பார்க்க நன்றாக இல்லை. என் கணவரின் பெயருக்கு நேரே ஒரு கோணல் குறி! அதை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, அதே கட்டத்தின் நடுவில் அழகாக இன்னொன்று போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வருகைப் பதிவேடானாலும் மதிப்பெண் பட்டியலானாலும், அடித்துத் திருத்தினால் அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது மதர் பெர்னதெத் கற்றுத் தந்தது. இல்லாவிட்டால் அது நேர்மையான திருத்தமாகாது. 'செ.அ.' என்று இட்டேன். மிக அழகாகவும் இட்டேன்.

1980இல் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்களுக்குப் பயிற்சி. யார் போட்டது என்று காட்டும்படி கையெழுத்தோ இனிஷியலோ இருந்தால் அந்த ஓட்டு செல்லாது என்றார் தாசில்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. அது எனக்கு மறக்காது என்று தெரிந்துவிட்டது.

என் கணவரிடம் நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருபத்திரண்டு ஆண்டுகள் போயின. 2002இல் அவர் போய்விட்டார்.

கொம்பையாவிடமும் சொல்லவில்லை. அவர் வரும்போது கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஜனவரி 17, புதன்

பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் சாமியாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. முழுவதையும் கேட்டுவிட்டு இரண்டு முறை இருமினார். சிரிப்பை அடக்கினாரோ என்று சந்தேகம்.

"சீட்டுல இனிஷியல் போட்டது பாவத்துல சேராதும்மா. இன்னொருத்தர் மேல பழி விழுந்தப்ப பேசாம இருந்தீங்களே, அதுதான். சாமிகிட்ட சொல்லிட்டீங்க. இனி அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

இவருக்கு வயது போதாது என்று இதுவரை நினைத்திருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன்.

ஜனவரி 18, வியாழன்

காலை பதினொரு மணிக்குக் கொம்பையாவின் கடைக்குப் போனேன். ஏதோ கல்யாணத்துக்கு அனுப்ப வேண்டிய ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேசை மேல் மைக். நான் உட்காரக்கூட இல்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"கொம்பையா, 1977இல் அவர் தோற்றதற்கு நீங்கள் காரணம் இல்லை" என்றேன்.

'காரணம் இல்லை' என்பது எதிர்ச் சாரியிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. டீக்கடையில் எல்லாத் தலையும் திரும்பியது.

"ஐயோ டீச்சர், மைக்கு ஆன்ல கெடக்கு!" என்று பாய்ந்து போய்ச் சுவிட்சை அணைத்தார். "இப்பம் சொல்லுங்க."

சொன்னேன். தபால் ஓட்டு, கோணல் குறி, திருத்தம், சுருக்கொப்பம். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"செ.அ."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அவர் என் கணவரின் ஓட்டெண்ணும் முகவர். அது எப்படி என் நினைவில் இல்லாமல் போனதோ!

"மொதல்ல தபால் ஓட்டத்தான் எண்ணுனாவ. பெரிய ஆபீசர் ஒங்க சீட்டத் தூக்கிப் புடிச்சி, இது செல்லாதுன்னுட்டாரு. பூட்டு சாவிக்காரன் பாத்தான், அவனுக்கு வெளங்கல. வக்கீலையா பாத்தாவ. மூஞ்சி செவந்து போச்சி. கோவம்னு நெனச்சேன். என்னன்னு பாத்தா, சிரிப்ப அடக்குதாவ!"

"தோற்ற பிறகு?"

"ரெண்டு தடவ திரும்ப எண்ணச் சொன்னோம். ரெண்டு தடவையும் அதே ஒண்ணு. வெளிய வந்து வேப்ப மரத்தடியில நின்னு சிரிச்சாவ பாருங்க, கண்ணுல தண்ணி வந்துட்டு. 'ஓட்டுச் சீட்ட அடிச்சித் திருத்தி இனிஷியல் போட்ட ஒரே பொம்பள இந்த நாட்டுல என் பொண்டாட்டிதாம்ல கொம்பையா. ஆனா இது அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா சோறு திங்க மாட்டா'ன்னாவ."

"அதற்காக நீங்கள்..."

"கொறைஞ்ச ஓட்டு யாருதுன்னு ஊரே தேட ஆரம்பிச்சிட்டு. எவனும் தபால் ஓட்டுப் பக்கம் போயிரக் கூடாதுல்லா? நான்தான்னு கையத் தூக்கிட்டேன். அதுல பொய்யும் இல்ல பாத்துக்கிடுங்க. நானும் போடலியே!"

எழுபத்தொன்பது வயதில்தான் இதைக் கேட்கிறேன். நூலில் உண்மையை எழுதிவிடுகிறேன், உங்கள் மேல் உள்ள பழி போய்விடும் என்று மட்டும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் பதறிப்போனார்.

"அந்த வேலையே வேண்டாம்! போர்டப் பாருங்க டீச்சர்."

நிமிர்ந்து பார்த்தேன். 'அஞ்சேகால் சவுண்டு சர்வீஸ்.' பக்கத்தில் கடிகாரப் படம் வேறு.

"எந்தக் கட்சிக் கூட்டம்னாலும் அஞ்சேகால் மைக்செட்டுதான். வருசா வருசம் கலெக்டர் சால்வை போடுதாவ. காலேஜுப் புள்ளைய கூட நின்னு போட்டா எடுக்குது. நீங்க பாட்டுக்கு உண்மைய எழுதிட்டீங்கன்னா நான் வெறும் கொம்பையாதானே டீச்சர்?"

ஜனவரி 19, வெள்ளி

இன்று சலவைப் பட்டியல்களை மீண்டும் எடுத்தேன். 1979: வேட்டி 4, சட்டை 6, தலையணை உறை 2. கீழே செ.அ.

"இனிஷியல் போடு. அப்பதான் செல்லும்."

இருபத்தைந்து ஆண்டுகள்! முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஒவ்வொரு சீட்டாக நீட்டியிருக்கிறார். நானும் பெருமையோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். பள்ளியில் முதல் மாணவியாக வந்த எனக்கு ஒருமுறைகூட விளங்கவில்லை. எவ்வளவு பொல்லாத மனிதர்.

நான் சிரித்த சத்தம் கேட்டு எலிசபெத் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றேன். வெங்காயத்தை அவள்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 20, சனி

பதினோராம் பக்கத்தை நான்கு முறை எழுதினேன். உண்மையை எழுதினால் கொம்பையாவின் பெயர் போய்விடும். எழுதாவிட்டால் அது வரலாறு ஆகாது, என் பெயரும் அதில் இருக்கக் கூடாது. நான்கையும் கிழித்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

பூசையில் பிரசங்கத்தின்போது விடை கிடைத்தது. பிரசங்கத்தைக் கவனிக்காததற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

குடை 21,846. கொம்பையா மட்டும் போட்டிருந்தால் 21,847. சமம். அப்போது சீட்டுக் குலுக்கியிருப்பார்கள். என் ஓட்டு மட்டும் செல்லுபடியாகியிருந்தாலும் அதே கதை. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் 21,848, குலுக்கலே இல்லாமல் வெற்றி. நாற்பத்தாறு ஆண்டுகளில் ஊரில் ஒருவர்கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கும் கற்பித்த நானும் போடவில்லை.

கோயிலிலிருந்து வந்ததும் தொலைபேசியில் கொம்பையாவைக் கூப்பிட்டுக் கணக்கைச் சொன்னேன்.

"அப்பம் எனக்குப் பாதி உண்டு, என்ன?"

"சரிபாதி."

"போர்டு?"

"போர்டை மாற்ற வேண்டாம்."

"மீன் கொழம்பு?"

"அது முழுக்க உங்களுடையது."

"அப்பம் சரி டீச்சர். எழுதுங்க."

ஜனவரி 22, திங்கள்

பதினோராம் பக்கம், அடிக்குறிப்பு 42:

'நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுகள் மூன்று. இரண்டில் உறுதிமொழித் தாளில் அதிகாரியின் சான்றொப்பம் இல்லை. மூன்றாவதில் வாக்காளரை அடையாளம் காட்டும் சுருக்கொப்பம் இருந்தது. அந்த வாக்காளர் இந்நூலின் ஆசிரியர். இந்த ஓட்டும் ஐந்தே கால் மணிக்கு வந்த ஓட்டும் சேர்ந்திருந்தால் குடை ஒரு ஓட்டில் வென்றிருக்கும். சான்று: திரு. கொம்பையா, வாக்கு எண்ணிக்கை முகவர், நேரில் கண்டவர்.'

ஜைத்தூன் அதை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னைக்குச் சர்க்கரை போட்டே காபி குடுங்க மேடம்."

ஜனவரி 25, வியாழன்

விழா பத்து மணிக்கு. புடவை மடிப்பு சரியாக விழாததால் மூன்று முறை கட்ட வேண்டியதாயிற்று. நான் நூலகத்துக்குள் நுழைந்தபோது மணி பத்து ஐந்து. வாசலிலேயே நின்றிருந்த கொம்பையா, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தாறு ஆண்டுகளாகக் காத்திருந்த பார்வை அது. தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

நான் சிவப்பு மையால் திருத்தித் தந்த காகிதத்தை அவர் வெளியில் எடுக்கவே இல்லை.

"மக்கா! இத்தன வருசமா இந்தத் தோல்விய நான் ஒத்த ஆளா சொமந்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு எனக்கு ஒரு கூட்டாளி கெடச்சிருக்காவ. பதினோராம் பக்கத்தத் தொறங்க!"

நூறு பேர் ஒரே நேரத்தில் பக்கம் திருப்பும் ஓசையைக் கேட்டேன். அவர்கள் படித்து முடிக்க ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் நான் நேராக உட்கார்ந்திருந்தேன், மதர் பெர்னதெத் கற்றுத் தந்தபடி. முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்து கலெக்டர். அடுத்து எல்லாரும். பள்ளிக் கூட்டங்களில் இப்படிச் சிரிக்க நான் யாரையும் விட்டதில்லை. இன்று விட்டேன்.

கடைசியில், தவறாமல் வாக்களிப்போம் என்று எழுதிய பெரிய வெள்ளைப் பலகை. எல்லாரும் கையொப்பமிட வேண்டும். என் முறை வந்தது. பேனாவை எடுத்தேன். பின்னால் மைக்கில் கொம்பையாவின் குரல்:

"டீச்சர், இதுல போடலாம். இது செல்லும்!"

செசிலியா அருளானந்தம் என்று முழுப் பெயரையும் எழுதினேன். கோடு எதையும் தொடவில்லை.

கலெக்டர் இந்த முறை இரண்டு சால்வை கொண்டுவந்திருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. அதைக் கொம்பையாவே வைத்துக்கொண்டார். பாதி கேட்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, நாளைக்கு எலிசபெத் வாங்க வேண்டியதை எழுதினேன். ரவை, நெல்லிக்காய், அயிலை மீன் ஆறு. கொம்பையாவையும் வீட்டாரையும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட அழைத்திருக்கிறேன். ஒரு மணிக்கு என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றேகாலுக்கு வந்தாலும் கதவு திறந்தே இருக்கும்.

சீட்டின் கீழே செ.அ. என்று போட்டு, என் கணவரின் படத்துக்கு முன்னால் வைத்தேன்.